ஒரு சைஸ் பெரியது

நாலு வயதில் என் மகள் விழாத நாள் இல்லை. வாசற்படியில் விழுவாள், பாலர் பள்ளி வாசலில் விழுவாள், காரைவிட்டு இறங்கும்போதே விழுவாள். நானும் ஓடிப் போய்த் தூக்குவேன். ஆனால் கை போய்ச் சேர்வதற்குள் என் வாய் போய்விடும். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? காலைத் தூக்கி வச்சி நடக்கத் தெரியாதா?" அவள் அழமாட்டாள். முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள், நான் இன்னும் ஏசுவேனா என்று.

ஒருநாள் பாலர் பள்ளி டீச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வகுப்புக்குள்ள நல்லாத்தான் இருக்குங்க. கோடு போட்டு நடக்கச் சொன்னா அழகா நடக்குது. வெளிய விளையாட விட்டாத்தான் விழுந்து விழுந்து எந்திரிக்குது. பேலன்ஸ் கொஞ்சம் கம்மியோ என்னமோ. வெளிய வச்சி ஓடியாடுற மாதிரி சாமான் ஏதாச்சும் வாங்கிக் குடுத்துப் பாருங்களேன்."

வகுப்புக்குள் பிள்ளைகள் வெறுங்காலோடு இருப்பார்கள். சப்பாத்தெல்லாம் வாசலில் அடுக்கில் இருக்கும். அதை நான் யோசிக்கவே இல்லை. 'பேலன்ஸ் கம்மி' என்ற ஒரே சொல்தான் என் காதில் ஏறியது. எல்லாம் என் தப்பு என்று அன்று முழுக்கப் புலம்பினேன். செம்பனை ஆலை ஆபீசில் வேலை முடிந்து புக்கிட் ரோத்தான் வீட்டுக்கு வந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டு, வழவழ டைல்ஸில் அவளை உட்காரவைத்து, கையில் போனைக் கொடுத்துவிட்டுத்தானே அடுப்படிக்குப் போனேன். பிள்ளை எங்கே ஓடும், எங்கே காலை ஊன்றும்?

சாமான் தேட ஆரம்பித்தேன். ஆபீசில் மத்தியானச் சோற்றை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே போனில் பார்ப்பேன். குதிக்கிற வலைக்கு எங்கள் வாசலில் இடமில்லை. ஒற்றைக் காலால் தள்ளிப் போகிற ஸ்கூட்டர் அவள் வயசுக்கு இன்னும் கொஞ்சம் சீக்கிரம். மூன்று சக்கர சைக்கிளில் பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், சக்கரமே விழாமல் பார்த்துக்கொள்ளும். கடைசியில் பெடல் இல்லாத இரண்டு சக்கர சைக்கிள்தான் சரி என்று பட்டது. இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளி ஓட்ட வேண்டும். சாயாமல் பிடிப்பது பிள்ளையின் வேலை. பெரிய கண்டுபிடிப்பு செய்தவளைப் போல என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லோரி ஓட்டுகிறவர், பேச்சு குறைவு. "வாங்கு" என்றார்.

சனிக்கிழமை பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்குப் போனோம். நல்ல மழை. மகள் காரைவிட்டு இறங்கியதும் நேராகத் தண்ணீரில் கால் வைத்துச் சப்பாத்தை நனைத்துக்கொண்டாள். அதற்கும் ஒரு ஏச்சு. சப்பாத்தைக் கழற்றிக் காரிலேயே போட்டுவிட்டு அவளுடைய அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்குள் வந்தார்.

கடைக்காரர் வயதான சீனர். எல்லாரும் 'தவுக்கே', அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஆட்களோடு பேசிப் பேசி நன்றாகவே தமிழ் வரும். ஒரே மாதிரி மஞ்சள் சைக்கிள் இரண்டை இறக்கி வைத்தார், ஒன்று சின்னது, ஒன்று ஒரு சைஸ் பெரியது. என் மகள் யாரையும் கேட்கவில்லை. சின்னதில் ஏறி உட்கார்ந்தாள். வெறுங்கால் இரண்டையும் தரையில் பதித்து டக் டக் டக்கென்று கடை முழுக்க ஒரு சுற்று வந்தாள். ஒருமுறைகூட விழவில்லை! அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"இது போதும்மா" என்றாள்.

"அடுத்த வருசம் பத்தாது. நீ வளந்துருவே" என்றேன்.

கடைக்காரர் தலையை ஆட்டினார். "தங்கச்சி, கால் தரையில வைக்கணும்லா. முழுக் கால். நுனிக் கால் வச்சா புள்ள பயப்படும்."

"பரவால்ல தவுக்கே, பெருசே குடுங்க."

எங்கள் வீட்டில் அளவாக எதையும் வாங்கிப் பழக்கமில்லை. நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். தீபாவளிப் பாவாடையில் நாலு விரல் மடிப்பு இருக்கும், அடுத்த வருடம் பிரித்துவிடலாம். பள்ளிச் சட்டையின் தோள் முழங்கைக்கு வந்து நிற்கும். சப்பாத்துக்குள் முன்னால் பேப்பரைச் சுருட்டித் திணித்துக்கொண்டு போவோம். ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு என் அம்மா வேறு என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை, மாதச் சம்பளம் வருகிறது. இருந்தும் கடைக்குள் போனால் என் கை தன்னால் பெரியதைத்தான் எடுக்கும். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் அந்தச் சைக்கிளோடு மல்லுக்கட்டினோம். சீட்டை எவ்வளவு இறக்கியும் அவளுடைய கட்டைவிரல்தான் தரையைத் தொட்டது. இந்தப் பக்கம் சாய்வாள், அந்தப் பக்கம் சாய்வாள். நான் பின்னால் பிடித்துக்கொண்டு கத்துவேன்.

"காலை ஊணுடி!"

"எட்டலம்மா."

"எட்டும். எட்டி வை!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தாமானில், வீடுகளுக்கு நடுவே இருக்கிற பூப்பந்துத் திடலுக்குக் கூட்டிப் போனேன். சப்பாத்து போட்டால் கொஞ்சம் உயரம் கூடும் என்று அதையும் மாட்டிவிட்டேன். சைக்கிள் நகர்ந்ததும் பிடியை விட்டேன். நாலு அடி போனாள். ஊன்றப் போன கால் சப்பாத்தோடு மடங்கிக்கொண்டது. முகம் குப்புற சிமெண்டுத் தரையில் விழுந்தாள். தாடை கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அந்த நேரத்திலும் என் வாயில் முதலில் வந்தது "சொன்னா கேக்குறியா நீ?" என்பதுதான். ஐயோ, என்ன பிறவி நான்!

கிளினிக்கில் அவளைக் கட்டிலில் படுக்கவைக்கச் சொன்னார்கள். தமிழ் நர்ஸ் ஒருவர் சப்பாத்தைக் கழற்ற வந்தார். பட்டையை அவிழ்க்கவே இல்லை, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. உள்ளேயிருந்து நான் திணித்து வைத்த டிஷ்யூ உருண்டை தரையில் விழுந்தது.

"இது யாரு சப்பாத்து அக்கா?"

"இவளோடதுதான்."

நர்ஸ் சப்பாத்தை அவள் பாதத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். முன்னால் இரண்டு விரல் அளவு வெறுமையாக இருந்தது. "இதைப் போட்டா நான்கூட விழுவேன்கா" என்றார். ஏசவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. வாசற்படி, பள்ளி வாசல், கார் கதவு என்று அவள் விழுந்த இடங்களெல்லாம் கண் முன்னால் வந்தன. எல்லா இடத்திலும் அந்தச் சப்பாத்து இருந்தது, எல்லா இடத்திலும் நான் ஏசியிருந்தேன். மூன்று தையல். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றுதான் சொன்னார். "நீ வாங்குற எல்லாம் அடுத்த வருசத்துக்கு. இந்த வருசத்துக்கு எப்ப வாங்குவே?"

மறுநாள் முதல் வேலையாக அவள் காலுக்குச் சரியான சப்பாத்து வாங்கினேன். சைக்கிளைச் சுவரோரம் சாத்தி வைத்து, இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. சோறு என்றாலே ஓடுகிற பிள்ளை, கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. தாடையில் தையல், மெல்லும்போது முகம் சுளிக்கும், இருந்தும் "இன்னும் வை" என்று தட்டை நீட்டும். நானும் அடி பட்ட உடம்பு, பசிக்கிறது போல என்று பூரித்துப் போனேன்.

மூன்றாம் நாள் சாப்பிட்ட கையோடு வாசலுக்குப் போனவளை எட்டிப் பார்த்தேன். சைக்கிளின் பக்கத்தில் நின்று சீட்டையும் தன் இடுப்பையும் அளந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வாடிவிட்டது.

"நான் இன்னும் வளரலம்மா. நாளைக்கு இன்னும் நெறைய சாப்புடுறேன்."

அடுப்படிக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தையல் பிரித்த அன்று நான் மட்டும் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போனேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, சின்னதை இறக்கி வைத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பெரியதை ஸ்டோர் அறையில் தள்ளிவிட்டு, அதே சுவரோரம் இதைச் சாத்தி வைத்தேன். அதே மஞ்சள். விளக்கிச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

சாயங்காலம் திடலில் அவள் பயந்து பயந்துதான் ஏறினாள். இரண்டு பாதமும் தரையில் அழுந்தப் பதிந்தன. கீழே குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினாள்.

"அம்மா! நான் வளந்துட்டேன்!"

ஆமாம்டி கண்ணு என்று சொல்லிவிட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தத் தையல் தழும்பு எனக்கு நேராக இருந்தது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"இல்லம்மா. இது வேற சைக்கிள், சின்னது. நீ சரியாத்தான் இருந்தே. அம்மாதான் பெருசா வாங்கிட்டேன். சப்பாத்தும் அப்படித்தான். அதனாலதான் நீ விழுந்துக்கிட்டே இருந்தே."

குனிந்து தன் புதுச் சப்பாத்தைப் பார்த்தாள்.

"அப்ப ஏன்மா என்னை ஏசுனே?"

சரியாகத்தான் இருந்த அவள் சப்பாத்துப் பட்டையை அவிழ்த்து மறுபடி மாட்டினேன். மாட்டி முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையை உதைத்துத் தள்ளிக்கொண்டு, விழாமல், திடலின் அடுத்த முனைக்குப் போய்விட்டாள்.