எண்ணூர் பங்களாவின் தளம்

புயல் அடித்து ஓய்ந்தபோது எண்ணூர் பங்களாவின் மேல் ஒரு ஓடு மிச்சமில்லை. சனிக்கிழமையானால் படகு விடவும் மீன் பிடிக்கவும் பட்டணத்திலிருந்து துரைமார்களும் வியாபாரிகளும் வந்து இறங்குகிற பங்களா அது. என் வீட்டுக்காரர் அங்கே சமையல். பின்கட்டில் ஓர் அறையில் நாங்களும் எங்கள் இரண்டு பெண்களும் இருந்தோம். முதலாளி வந்து சுற்றிப் பார்த்தார். "இன்னொரு தரம் ஓடு போட என்னால ஆகாது. மொத்தக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புத் தளம் போடறேன். அதுவும் ஒழுகினா இடிச்சு மரத்தை வித்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இடித்தால் நாங்கள் எங்கே போவது?

தளம் போடுவது லேசுப்பட்ட வேலையில்லை. உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கி, ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் தட்ட வேண்டும். கலவை இறுகி, அடித்த கட்டை துள்ளி எழும்புகிற வரைக்கும் நாள் கணக்கில் தட்ட வேண்டும். மேஸ்திரி ராயபுரத்திலிருந்து ஒரு கூட்டம், திருவொற்றியூரிலிருந்து ஒரு கூட்டம் கொண்டுவந்தார். அவர்களுக்கு மாதா பாட்டு, இவர்களுக்கு அம்மன் பாட்டு. பாட்டு இல்லாவிட்டால் கட்டைகள் ஒன்றாக விழாது. ஆளுக்கொரு கோடியில் ஆரம்பித்து நடுவில் வந்து சேருவதாக ஏற்பாடு.

நான் ராயபுரத்தில் பிறந்தவள்தான், ஆனாலும் எந்தப் பாட்டும் என் காதில் ஏறவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. வானத்தைப் பார்ப்பேன், ஏணியில் ஏறுவேன், இறங்குவேன், அதற்குள் அடுப்பில் ஏதாவது தீய்ந்திருக்கும். "இன்னாமே, தளத்துக்கு நீதான் மேஸ்திரியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் மழைக்கே கூடத்தின் நடுவில் கோடு போட்ட மாதிரி ஒழுகியது. மேலே ஓடினோம். இரண்டு கூட்டமும் சந்தித்த இடத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சரியாக அடியே விழவில்லை. கிட்டே போனால் அந்தப் பாட்டு இந்தப் பாட்டை இழுத்துவிடும், தாளம் தப்பும் என்று இரண்டு பக்கமும் ஒதுங்கியிருக்கிறார்கள்.

"அது அவங்க பக்கம்னு வுட்டுட்டோம்க்கா" என்றாள் ராயபுரத்துக்காரி.

"நாங்களும் அப்டித்தான் நெனச்சிகினு இருந்தோம்" என்றாள் திருவொற்றியூர்க்காரி.

"உங்க பாட்டுல என் வூடு போவுதுடி!" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

மழை விட்டதும் அந்தப் பட்டையைக் கொத்தி எடுத்தார்கள். மேலே கீற்றுப் பந்தல் போட்டு, புதுக் கலவை கொட்டி, இரண்டு கூட்டமும் எதிரெதிரே குந்தின. உடனே எந்தப் பாட்டு என்று சண்டை. "பாட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். எண்ணிக்கினே தட்டுங்க" என்றேன். ஒன்று, இரண்டு என்று எண்ணியபடி தட்டினோம். நானும் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கார்த்திகை அடைமழையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. மழை ஓய்ந்ததும் முதலாளி படகில் வந்தார். அறை அறையாக நுழைந்து அண்ணாந்து பார்த்தார். கடைசியில் எங்கள் அறைக்கு வந்தார். நான் அவசரமாகப் பாயைச் சுருட்டி ஓரத்தில் வைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல உறுதியா வந்திருக்கு. கடல் காத்தும் வருது. இதையும் விருந்தாளிகளுக்கு விட்டுடலாம். பொங்கலுக்குள்ள நீங்க வேற இடம் பாத்துக்குங்க."

"சரிங்க எஜமான்" என்றார் என் வீட்டுக்காரர்.

இந்தத் தளம் இன்றைக்கே ஒழுகித் தொலையட்டும் என்று மனதாரச் சபித்தேன்.