கறிப்பொடி

மெல்போர்ன் விமான நிலையத்திலிருந்து தங்கை போன் செய்தபோது நான் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன்.

"அக்கா, நீ குடுத்தனுப்புன பொட்டலத்துல என்னத்த எழுதி வச்ச? ஆபீசர் போன்ல ட்ரான்ஸ்லேட் பண்ணுனா 'மீட் பவுடர்'னு வருது. இங்க இறைச்சி கொண்டாரவே கூடாது. பெட்டிய மறிச்சு வச்சிருக்காரு."

கறிக்குழம்புக்குப் போடுவதால் எங்கள் வீட்டில் அது கறிப்பொடி.

"பொடியில ஏதுடி கறி? மல்லி, மிளகா, சோம்பு, அம்புட்டுத்தான்னு சொல்லு!" பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

அவள் ஆங்கிலத்தில் மன்றாடுவது கேட்டது. என் பஸ் வந்து, என்னை விட்டுவிட்டுப் போனது.

"விட்டுட்டாரா?"

"அத விட்டுட்டாரு. இப்ப அடுத்த பொட்டலத்த எடுக்குறாரு."

அதில் நான் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்: மீன்பொடி.