முட்டுக்காடு வரை அத்தை போட்ட வழி

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜியும் சொஜ்ஜியும் கொடுப்பதுதான் எழுபதுகளின் தொடக்கத்தில் எல்லா வீட்டிலும் வழக்கம். என் அத்தை, வந்தவரின் கையில் துடுப்பைக் கொடுத்தாள்.

அத்தை, அப்பாவின் தங்கை. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தினாள். குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிவிட்டது. தாங்கித் தாங்கித்தான் நடப்பாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் பக்கத்து பங்களாவில் இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர், ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய இரண்டு ஒல்லிப் படகுகளை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். கேனோ என்பார்கள். அடையாற்றின் முகத்துவாரத்தில் அத்தை அதை ஓட்டும்போது பார்க்க வேண்டும். தரையில் எல்லோருக்கும் கடைசியாக வருகிறவளைத் தண்ணீரில் யாராலும் பிடிக்க முடியாது.

பெண் பார்க்க வருகிறவர்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் காபித் தட்டோடு நடந்து வருவதைப் பார்ப்பார்கள். ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்பார்கள். அப்படி ஒரு கூட்டம் வந்துபோன சாயங்காலம் அத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

"அண்ணா, இனிமே நான் கூடத்துல நடந்து காட்டறதா இல்ல. அடுத்து யார் வந்தாலும் ரெண்டு நாள் நம்மளோட படகுல வரட்டும். நானும் அவரைப் பார்க்கணுமில்ல?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா மட்டும், "எந்தப் பைத்தியக்காரன் வருவான்?" என்றாள்.

மதுரையிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு பாங்க்காரர் வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். இதெல்லாம் பின்னாளில் அம்மா வாயால் கேட்டது. பத்து வயதான எனக்கு அன்று சொல்லப்பட்டது, அப்பாவின் நண்பர் ஒருவரும் வருகிறார் என்பதுதான்.

அத்தை ஒரு வாரம் தரையில் வரைபடத்தை விரித்துப் போட்டுக்கொண்டு வழி பார்த்தாள். ஆறு வேண்டாம், கால்வாய்தான் என்று முதலிலேயே முடிவு செய்தாள். பக்கிங்காம் கால்வாயில் அலை கிடையாது, இழுப்பு கிடையாது. மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் தண்ணீர் நிறைய இருக்கும். திருவான்மியூர்ப் பக்கம் இறங்கி, மறுநாள், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் முட்டுக்காட்டுக் காயலில் கரையேறுவது. வெயில் ஏறியதும் தெற்கே போகிற படகுக்குக் கடல்காற்று எதிர்க்காற்றாகிவிடும்; ஆகவே விடியலில் கிளம்பி மத்தியானத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். இரவு தங்க ஒரு சவுக்குத் தோப்பு. இதைவிட அதிக தூரம் போகலாமே என்று அப்பா கேட்டார்.

"என்னால போக முடியும். ஆனா துடுப்பே பிடிக்காதவங்க வர்றாங்க. அவங்க கை எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வழி," என்றாள்.

வழி நெடுக, கரைக்குப் பக்கத்தில் மகாபலிபுரம் சாலை வருகிற இடங்களுக்குப் பென்சிலால் வட்டம் போட்டாள். முடியாதவர்கள் அங்கே இறங்கி பஸ் பிடித்துவிடலாமாம்.

கிளம்புகிற அன்று அம்மா அத்தையின் காதோரம், "நீ முன்னாடியே போய்ப் படகுல உட்கார்ந்துடேன்," என்றாள். அத்தை கேட்கவில்லை. துடுப்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கால்வாய்ப் பாலம் வரைக்கும் தாங்கித் தாங்கி நடந்துபோய் அவரை வரவேற்றாள். அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பாதித் துடுப்புகளை வாங்கிக்கொண்டார். அம்மா ஏன் தலையில் அடித்துக்கொண்டாள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு படகில் அப்பாவும் அம்மாவும். மற்றதில் அத்தை பின்னால், மதுரைக்காரர் முன்னால், இடுப்பில் காற்றடித்த டியூபோடு நடுவில் நான். அவருக்குத் துடுப்பு சுத்தமாக வரவில்லை. படகு ஒரு கரையில் முட்டி, திரும்பி மறுகரையில் முட்டியது. சவுக்குக் கட்டை ஏற்றி வந்த தோணியிலிருந்து ஒருவர், "இன்னா சார், சுத்திக்கினே கீறியே! கவுறு போட்டு இஸ்துக்கினு போவட்டா?" என்று கத்தினார்.

மதுரைக்காரர் கோபப்படவில்லை. திரும்பி அத்தையைப் பார்த்தார். "என்னங்க சொல்லட்டும்?"

"வேண்டாம்னு சொல்லுங்க. கொஞ்ச நேரத்துல நேராகிடும்."

நேரானது. ஆனாலும் பென்சில் வட்டம் போட்ட இடம் வரும்போதெல்லாம் அத்தை, "மேற்கால ரோடு. பஸ் வரும். போறதுன்னா போகலாம்," என்றாள். "படகு போகுதுல்ல, நானும் வர்றேன்," என்று ஒவ்வொரு முறையும் அவர் சொன்னார். இவ்வளவு தூரம் விரட்டியும் போகாத ஒரு மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

தோப்பில் அவர் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அம்மா கொண்டுவந்த புளிசாதத்தைக் கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் முட்டுக்காட்டில், காற்று எழுவதற்கு முன்பே காயலைக் கடந்துவிட வேண்டும் என்பது அத்தையின் கணக்கு. அப்பாவின் படகு மணல் திட்டில் ஏறிக்கொண்டதில் நேரம் போய்விட்டது. நாங்கள் காயலின் நடுவில் இருந்தபோது காற்று வந்தது. பக்கவாட்டில் ஓர் அலை தூக்கியது, அவர் பயந்து எழுந்துவிட்டார், படகு கவிழ்ந்தது.

உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. டியூப் என்னை மேலே தள்ளியபோது அவர் மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அத்தையின் கால் சேற்றில் ஊன்றவில்லை. கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கினாள். அவர் அவளைத் தூக்கப் போகவில்லை. முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"என்ன செய்யணும், சொல்லுங்க."

"பாப்பாவைத் தோள்ல ஏத்துங்க. ஒரு கையால படகைப் பிடிங்க. காத்து போற பக்கமே போகலாம், எதிர்க்காதீங்க."

அப்படியே செய்தார். காற்றே எங்களைக் கரையோர மணல் திட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அப்பா ஓடிவந்து என்னை வாங்கிக்கொண்டார். அம்மா என் தலையைத் துவட்டியபடி எல்லோரையும் திட்டினாள். அத்தை படகிலிருந்த தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு மணலில் உட்கார்ந்தாள். அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். சாலை அங்கேதான், கண்ணுக்கெதிரே இருந்தது. அத்தை பஸ் பேச்சை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் கேட்டார். "இந்தக் கால்வாய் இன்னும் தெற்கே போகுதுங்களா?"

"மரக்காணம் வரைக்கும் போகும். ஆனா அதுக்குத் துடுப்பு நல்லாப் பழகியிருக்கணும்."

"பழகிக்கிறேங்க."

இரண்டு நாள் அவர் பின்னால் உட்கார்ந்து, தெறித்த தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டவள் நான். உண்மையைச் சொல்லிவிடுவது என் கடமை என்று பட்டது.

"இவருக்குப் பழக ரொம்ப வருஷம் ஆகும் அத்தை," என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அத்தை முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"ஆகட்டுமே," என்றாள்.

அம்மாவின் கை பாதியில் நின்றது. அப்பா காயலின் பக்கம் திரும்பிக்கொண்டார். படகைப் பற்றி நான் சொன்னதை அத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.