ஆறு மாதத்துச் சர்வாதிகாரி

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில், அடுத்த ஆட்டத்துக்கான அணியை வழக்கம்போல தலைவரான நானே தனியாகத் தெரிவு செய்து போட்டேன். கீழே எங்கள் இடதுபக்க ஆட்டக்காரர் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: சர்வாதிகாரி. அதற்குப் பதினேழு பேர் சிரித்திருந்தார்கள். தேநீர்ப் பொறுப்பில் இருக்கும் என் மனைவியும் அதில் ஒருத்தி.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியனைத் திட்டுவதென்றால் சொல் பார்த்துத் திட்ட வேண்டும். பொதுக்கூட்டத்தில் இதற்கொரு பாடம் எடுத்தே தீருவதென்று முடிவு செய்தேன். அன்றைக்குத்தான் தலைவர் தெரிவும். தோற்றால் அணியைத் தெரிவு செய்யும் உரிமை போய்விடும். எனக்கு அதுதான் உயிர். ஆனால் தோற்பேன் என்று நினைக்கவேயில்லை. என் வாயின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

தேவாலய மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் மீன்பிடித்துக் கடலால் வந்து முகம் கழுவிய கையோடு வந்தவர்கள். எழுந்தேன்.

"தம்பிமார், கொடுங்கோலன் வேற, சர்வாதிகாரி வேற. கொடுங்கோலன் வளைஞ்ச கோல் பிடிச்சவன், நீதி தவறினவன். சர்வாதிகாரி எண்டால் சர்வ அதிகாரமும் உள்ளவன், அவ்வளவுதான். அந்தப் பதவி உரோமாபுரியில பிறந்தது. அங்க டிக்டேற்றர் எண்டு பேர். அவன் சொன்னால் சொன்னதுதான். நாட்டுக்கு ஆபத்து வந்தால் ஒருத்தனிட்ட எல்லா அதிகாரத்தையும் குடுப்பினம். வேலை முடிய அவன் திருப்பிக் குடுத்திட்டு வீட்ட போவான். மரியாதையான பதவி!"

கை தட்டினார்கள். அப்போதே உட்கார்ந்திருக்கலாம். வாத்தியார்ப் புத்தி விடவில்லை. "கேள்வி ஏதும் இருக்கோ?" என்றேன்.

இடதுபக்க ஆட்டக்காரர் எழும்பினார். "எவ்வளவு காலத்துக்குக் குடுக்கிறது, மாஸ்டர்?"

"கூடினது ஆறு மாசம்."

"பிறகு ஏன் அந்தச் சொல்லு கெட்டது?"

நல்ல மாணவன் கிடைத்த சந்தோசத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. "ஒருத்தன் அதைச் சாகும்வரைக்கும் எண்டு மாத்திப்போட்டான். அதோட கெட்டுது."

"ஓம் மாஸ்டர், விளங்குது. பழைய தலைவர் கனடா போகேக்க உங்களை இடைக்காலத் தலைவராப் போட்டனாங்கள். ஒன்பது வருசமாச்சு. எங்கட ஆபத்து இன்னும் முடியேல்லையோ?"

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த பாதர்கூடக் குனிந்து செபமாலையைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது.

பாடம் பிழையென்று சொல்லலாம்தான். சொன்னால் முப்பது வருடம் படிப்பித்ததும் பிழையாகிவிடும். அவரையே தலைவராக முன்மொழிந்தேன். நான் கை உயர்த்தி முடிப்பதற்குள் மண்டபம் முழுக்கக் கைகள்.

கூட்டம் முடிய புதிய தலைவர் என்னிடம் வந்தார். "ஞாயிறு சிலாவத்துறையில ஆட்டம். இனி ஆறு பேர் சேர்ந்துதான் அணியைத் தெரிவு செய்யிறது. நீங்களும் வாங்கோ. உங்களுக்கும் ஒரு வாக்கு."

போனேன். நான் கேட்ட பதினொருவரில் நான்கு பேர்தான் தேறினார்கள். ஞாயிறு வென்றோம். அந்த நான்கு பேரால்தான் வென்றோமென்று இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.