நுனி வலப்புறம் போட்ட இலை

மயிலையில் வீற்றிருந்து, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் சோறும் சொல்லும் அளித்தருளும் பெருமானே, அடியேன் எழுதப் புகும் இவ்வரிகளில் பொய் ஒன்றும் கலவாமல் காத்தருள்க. கற்பகத் தாயே துணை.

ஐப்பசி மாதம், தேய்பிறைத் திரயோதசி, சனிக்கிழமை. ஆக, சனிப் பிரதோஷம். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த அந்த நன்னாளில்தான் இது நடந்தது. ஈசனை நம்பியவன் நான். ஆவி, அசரீரி, கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்பவற்றை ஒருநாளும் நம்பியதில்லை. அப்படி யாராவது பேச ஆரம்பித்தால் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். இதைப் படிக்கும் நீங்களும் எழுந்து போகலாம். ஆனால் ஒரு குடையைப் பற்றிய செய்தி வருகிறது, அதுவரைக்குமாவது இருங்கள்.

தேனாம்பேட்டையில், மவுண்ட் ரோட்டில், ஒரு மாடி அறையில் இயங்கிய சிறிய சுற்றுலாக் கம்பெனியில் எனக்குக் கடிதம் எழுதும் வேலை. முதலாளி திருநெல்வேலிக்காரர். தியாகராய நகரில் ஜவுளிக்கடை நன்றாக நடந்துகொண்டிருந்தது, அது போதாதென்று இதையும் தொடங்கியிருந்தார். எல்லோரும் அண்ணாச்சி என்போம். பினாங்குத் தீவுக்குக் கப்பலில் ஒரு கூட்டத்தை அழைத்துப்போய், கோயில், மலை, கூத்து எல்லாம் காட்டித் திரும்பக் கொண்டுவருவது என்று அவர் திட்டமிட்டார். முப்பது பேராவது சேர வேண்டும். சேர்ந்தவர்கள் பதினோரு பேர்.

அந்தப் பதினொன்றில் ஒருவர் என் அக்கா கோமதி. அத்திம்பேர் காலமான பிறகு என்னோடுதான் இருந்தாள். நானோ திருமணம் செய்துகொள்ளாதவன். அவளுடைய ஒரே மகள் பட்டு, தீவுக்கு எதிர்க்கரையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷமாகியிருந்தது. பேரனுக்கு ஆறு வயது. அக்கா அவனைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறாள். தனியாகக் கடல் கடக்க அவளால் இயலாது. இந்தக் கூட்டம் போனால் அவளும் போவாள், நின்றால் அவளும் நின்றுவிடுவாள்.

மயிலாப்பூர்க்காரர்கள் ஏன் சேரவில்லை என்றால், கடலுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ பயந்து அல்ல. வந்து விசாரித்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அங்கே சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" அதற்கு எங்களிடம் விடை இல்லை. பட்டுவுக்கு எழுதிக் கேட்டோம். தோட்டத்தை விட்டு நகரத்துப் பக்கம் போனதே இல்லை என்று பதில் போட்டுவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணாச்சி என் மேஜையருகே வந்து நின்றார்.

"ஐயரே, ஒரு சின்னப் புஸ்தகம் வேணும். தீவுல எங்க சாப்பிடலாம், எதைப் பாக்கலாம், என்ன கூத்து நடக்கும், எல்லாம் வெவரமா இருக்கணும். திங்கக்கெழம அச்சுக்குக் குடுத்துரணும்."

"அண்ணாச்சி, நான் செங்கல்பட்டுக்கு அப்பால் போனதில்லை."

"கோயில்ல மணிக்கணக்கா பாடுதீரே, கைலாசத்துக்குப் போயிட்டு வந்தா பாடுதீரு? எழுதும் வே. இல்லன்னா டிக்கெட்டையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு நான் ஜவுளியப் பாக்கப் போறேன்."

மறுநாள்தான் நான் சொன்ன சனிப் பிரதோஷம். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றையும், என் குடையையும் எடுத்துக்கொண்டு நாலரை மணிக்குக் கோயிலுக்குப் போனேன். அந்தக் குடையின் வளைந்த பிடியில் 'சு' என்று என் முதலெழுத்தைக் கத்தியால் நானே செதுக்கியிருந்தேன். ஒடிந்த கம்பி ஒன்றைப் பித்தளைக் கம்பியால் கட்டியவனும் நானே. மண்டபத்தில் வழக்கமான தூணடியில் உட்கார்ந்து, குடையைப் பக்கத்தில் சாய்த்து, நோட்டை மடியில் வைத்து, பூஜை முடிந்ததும் ஏதாவது தோன்றாதா என்ற ஏக்கத்தோடு பதிகம் பாடத் தொடங்கினேன். நந்திக்குப் பாலபிஷேகம் நடந்தது, வில்வத்தின் மணம் வந்தது, கண்ணை மூடினேன். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் திறந்தபோது தீபாராதனை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. வெளியே மழை. மடியிலிருந்த நோட்டில் முப்பது பக்கம் எழுதியிருந்தது. என் கையெழுத்து, என் பேனாவின் ஊதா மை. குடையைக் காணவில்லை. வயிறு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டது போல் நிறைந்திருந்தது, நாக்கிலே காரமும் இனிப்புமாய் முன்பின் அறியாத ஒரு ஊறுகாயின் சுவை. பக்கத்திலிருந்த ஓதுவாரைக் கேட்டேன். "நீங்க எங்கயும் எழுந்து போகலையே ஐயா, நிறுத்தாம பாடிக்கிட்டேதானே இருந்தீங்க" என்றார்.

நனைந்துகொண்டே வீடு வந்தேன். "குடை எங்கேடா?" என்றாள் அக்கா. தொலைந்தது என்றேன். "மழையில்லாத நாளெல்லாம் அதைத் தூக்கிண்டு அலைவே, மழை கொட்டறச்சே தொலைச்சுட்டு வருவே" என்று தலையைத் துவட்டிக்கொள்ளத் துண்டைக் கொடுத்தாள். இரவு சாப்பிடச் சொன்னாள். பசியில்லை என்றேன்.

அறைக்குள் உட்கார்ந்து நோட்டைப் படித்தேன். கயிறு கட்டி இழுக்கும் ரயிலில் மலைமேல் ஏறலாம், சால்வை கொண்டுபோக வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை எண்ணாமல் பாடிக்கொண்டே ஏறினால் கால் நோகாது. பாம்புக் கோயிலில் பச்சைப் பாம்புகள் பலிபீடத்தில் சுருண்டு கிடக்கும், கையை நீட்டாதீர்கள். மாலையில் தெருமுனையில் சீனக் கூத்து நடக்கும். மொழி விளங்காது, தாளம் விளங்கும். அடுத்தது சாப்பாடு: துறைமுகத்திலிருந்து மூன்றாவது தெரு, நீலக் கதவு, வாசலில் ஜாதிக்காய் மரம். செல்லம்மாள் என்னும் அம்மையார் சுத்த சைவமாக இலைச் சாப்பாடு போடுகிறார். ஒரு செய்தி: அவர் வீட்டில் இலையின் நுனி உண்பவருக்கு வலப்புறமாக இருக்கும். மனம் கோணாமல் உட்காருங்கள்.

இந்தக் கடைசி வரியைத்தான் மூன்று முறை திரும்பப் படித்தேன். இலையின் நுனி இடப்புறம் இருக்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் தவழும் குழந்தைக்கும் தெரியும். வலப்புறம் போட்ட இலையைக் கண்டால் சம்பந்தி வீட்டார் எழுந்தே போவார்கள். கற்பனையில் ஒரு தீவை நான் கட்டியிருக்கலாம், மலையைக் கட்டியிருக்கலாம், ஆனால் இலையை மாற்றிப் போட என் கற்பனைக்குத் துணிவு கிடையாது.

ஆயினும் அது கற்பனை என்றே முடிவு செய்தேன். வேறு என்ன முடிவு செய்வது? பதிகம் பாடிய மயக்கத்தில் எழுதிய பொய். பொய்யை அச்சிடுவது பாவம். திங்கட்கிழமை காலை அண்ணாச்சியிடம் உண்மையைச் சொல்லிவிடும் உறுதியோடு புறப்பட்டேன். வாசலில் அக்கா பேரனுக்காகத் தைத்த சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வயதுக்கு எவ்வளவு உயரம் இருப்பான் என்று என்னைக் கேட்டாள். நான் நேரே அச்சகத்துக்குப் போய் நோட்டைக் கொடுத்துவிட்டேன்.

எழுத்துக் கோக்கும் ஏழுமலை பாதியில் நிறுத்தினான். "இன்னா சாமி இது, எலைக்கு நுனி ரைட்டு பக்கம்னு எழுதிக்கீறே? நான் மீன் துன்றவன், எனக்கே தெரியும் அது லெப்டுன்னு. மாத்திடட்டா?"

"மாற்றாதே, ஏழுமலை."

"அப்பால படிச்சவங்கோ சிரிச்சா என் தலைல போடாதே நைனா, சொல்ட்டேன்."

புத்தகம் வெளிவந்த பத்து நாளில் பதினொன்று நாற்பதாகிவிட்டது. நீலக் கதவும் செல்லம்மாளும் அவர்களுடைய கேள்விக்கு விடையாகிவிட்டார்கள். அண்ணாச்சி எனக்கு ஒரு வேஷ்டி கொடுத்து என்னைக் கட்டியணைத்துக்கொண்டார். எனக்கோ உறக்கம் போயிற்று. நாற்பது பேர், அதிலே பாதி அறுபது வயது கடந்தவர்கள், ஏழு நாள் கடலில் வாடி இறங்கி, பசியோடு தெருத்தெருவாக நீலக் கதவைத் தேடி நடப்பதாகக் கண்ணுக்கு முன் தெரிந்தது.

கார்த்திகையில் கப்பல் புறப்படும் நாள். அண்ணாச்சியும் கூட்டத்தோடு போகிறார்; கம்பெனியைப் பார்த்துக்கொள்ள நான் இங்கேயே. துறைமுகத்தில் அக்காவை ஓரமாக அழைத்துச் சொல்லிவிட்டேன். "அக்கா, அந்தப் புஸ்தகத்துல இருக்கறது எதுவுமே எனக்குத் தெரியாது. கண்ணை மூடிண்டு எழுதினது. அந்த மாமியே இல்லேன்னா என்ன பண்ணுவேள்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவல் மூணு படி, புளிக்காய்ச்சல் ஒரு ஜாடி, அப்பளம் இருநூறு. நாப்பது பேருக்கும் நான் பொங்கிப் போட்டுப்பேன். இத்தனை வருஷம் உனக்குப் போடலையா?"

"இல்லேக்கா, இலை..."

"திருப்பிப் போட்டுண்டா போச்சு. கொழந்தையைப் பாக்கப் போறேன்டா, வழியை விடு."

பிறகு ஆறு வாரம். தந்தியில்லை, கடிதமில்லை. கோயிலுக்குப் போவேன், பதிகத்தின் முதல் அடியைத் தொடங்குவேன், பொய் எழுதியவனின் வாயல்லவா என்று நிறுத்திவிடுவேன்.

தை பிறந்து கப்பல் வந்தது. படியில் இறங்கியவர்களில் முதல் ஆளாக அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தார். "ஐயரே! அச்சு அசலு அப்படியே இருக்கு வே! நீலக் கதவு, மரம், பாம்பு எல்லாம்! எப்பம்யா போயிட்டு வந்தீரு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

அவருக்குப் பின்னால் அக்கா. முகம் முழுக்கச் சிரிப்பு; சற்றுப் பருத்துக்கூட இருந்தாள். அவள் கையில் என் குடை.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் குறையில்லை. பிடியில் 'சு'. ஒடிந்த கம்பியில் பித்தளைக் கட்டு. நான் அதை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தேன். மடிப்பிலிருந்து வெண்மணல் உதிர்ந்தது.

வீடு திரும்பும் டாக்சியில் அக்கா மூச்சு விடாமல் பேசினாள். "கதவைத் தட்டினோம். அந்த மாமி தெறந்தா. எங்க எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துட்டு, 'அவர் வரலையா?'ன்னாடா. எவர்னேன். 'ஒல்லியா, காதுல கடுக்கன், குடையை மறந்துட்டுப் போனாரே, அவர்'னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஐப்பசிப் பிரதோஷத்தன்னிக்கு வந்தியாம், உக்காந்து பாடினியாம், நோட்டுல எழுதிண்டே இருந்தியாம். 'கூட்டமா ஆள் வரும், இலை போட்டு வைங்கோ'ன்னியாம்."

"இலை?"

"வலப்புறம்தான். அவளோட ஆத்துக்காரருக்குத் துறைமுகத்துல வேலை பாக்கறச்சே வலது கை போயிடுத்தாம். இடது கையாலதான் சாப்பிடுவாராம். அவருக்கு வாகா இருக்கட்டும்னு இலையைத் திருப்பிப் போட ஆரம்பிச்சாளாம். அவர் போனப்புறமும் யார் வந்தாலும் அப்படியே போடறா. கேட்டதும் யாருமே இலையைத் திருப்பலைடா, அந்த வம்புக்கார வக்கீல் மாமாகூடத் திருப்பலை." பிறகு என் தோளில் ஒரு இடி இடித்தாள். "அங்கே மூணு தரம் ரசம் வாங்கிண்டியாமே! நான் போட்டா ஒரு தரத்தோட கையைக் கழுவிடறே!"

பேரனைப் பற்றிக் கேட்டேன். தைத்த சட்டை அவனுக்கு முழங்கால் வரை தொங்கியதாம், கழற்ற மறுத்துவிட்டானாம். அதை மட்டும் அக்கா இரண்டு தரம் சொன்னாள். பையிலிருந்து ஒரு சிறு ஜாடியை எடுத்தாள். ஜாதிக்காயின் சதையில் போட்ட ஊறுகாய். செல்லம்மாள் எனக்கென்று கொடுத்தனுப்பியது. தொட்டு நாக்கில் வைத்தேன். காரமும் இனிப்பும். அன்று மண்டபத்தில் என் நாவிலிருந்த அதே சுவை.

அதன் பிறகு நான் அந்தத் தீவுக்குப் போகவில்லை. போனால், "மறுபடியும் வந்துவிட்டீர்களா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். ஆனால் சனிப் பிரதோஷம் வாய்க்கும் மாலைகளில் சிலவேளை கண்மூடிப் பாடிவிட்டு எழும்போது எனக்குப் பசிப்பதில்லை. "எங்கே சாப்ட்டுட்டு வந்தே?" என்று அக்கா முறைப்பாள், என் விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு, "ரசம்" என்று தீர்ப்பும் சொல்வாள்.

அக்கா சிவபதம் அடைந்து வெகு காலமாயிற்று. செல்லம்மாள் அதற்கும் முன்பே போய்விட்டார். அந்த வீட்டை இடித்து, ஜாதிக்காய் மரத்தையும் வெட்டிவிட்டார்கள் என்று பட்டு எழுதினாள். அந்தக் கணக்குப்படி எனக்கு இலை போட அங்கே இப்போது யாரும் இல்லை. இருந்தும் சென்ற சனிப் பிரதோஷத்தன்று மண்டபத் தூணடியிலிருந்து எழுந்தேன், வயிறு நிறைந்திருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனேன். ரசமும் ஜாதிக்காயும் மணந்தன. என் வலது கை விரல்கள் அல்ல, இடது கை விரல்கள்.

இதைப் படித்தோர், படிக்கக் கேட்டோர், நம்பியோர், நம்பாது சிரித்தோர் அனைவருக்கும் எக்கரையில் இறங்கினாலும் ஓர் இலை விரித்திருக்கட்டும். அதன் நுனி எப்புறம் இருந்தாலும் மனம் கோணாமல் அமரும் பக்குவத்தையும் மயிலைப் பெருமான் அருள்வானாக.