சாமைச்சோறு விட்ட முப்பது வருடங்கள்

முதல் வலி மிளகு பறிக்கும்போது வந்தது. அடிவயிற்றின் இடப்பக்கத்தில் யாரோ கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தது போலிருந்தது. ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட்டேன். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்திருக்கவில்லை. மலச்சிக்கல் பல வருடமாக உண்டு. அதை நோயென்று எண்ணியதில்லை.

மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. பேதியானால் சரியாகிவிடும் என்று விளக்கெண்ணெய் கேட்டேன். என் மனைவி பாவாயி தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். குடித்தபின் வலி இரண்டு மடங்கானது. இந்த வலி உள்ளவர்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

மலையில் அன்று வண்டிப்பாதை கிடையாது. உறவுக்காரர் நால்வர் என்னை மூங்கிலில் கட்டிய டோலியில் சுமந்து அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கு இறக்கினார்கள்.

"ஏனுங்க, கண்ண மூடாதீங்க. எதாச்சும் பேசிக்கிட்டே வாங்க" என்று கூடவே நடந்தாள் பாவாயி.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இது குடல்வால் நோவு இல்ல, அது வலப்பக்கம் வரும். இது பெருங்குடல். அதோட சுவர் சின்னச் சின்னப் பையாட்டம் பிதுங்கியிருக்கும். அதுல ஒண்ணு சீழ் வெச்சிருக்குது."

"எதனாலங்க வந்துச்சு?" என்று கேட்டாள் பாவாயி.

"திட்டமாச் சொல்ல முடியாதும்மா. நாள்பட்ட சிக்கல், முக்குறது எல்லாம் சேர்ந்து சுவர் தளர்ந்துபோகுது. பை உடைஞ்சா ஆபரேஷன். அப்பவும் உயிருக்கு உறுதியில்ல."

"வெளக்கெண்ண நாந்தானுங்க ஊத்திக் குடுத்தேன்" என்று அழுதாள்.

"நாந்தானுங்க கேட்டேன்" என்றேன் டாக்டரிடம்.

ஆறு நாள் சோறில்லை. வாயை நனைக்கத் தண்ணீர், வயிற்றில் வெந்நீர் ஒத்தடம், சல்ஃபா மாத்திரை (சீழ்க் கிருமியை அடக்கும் மருந்து). ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. பை உடையவில்லை.

"அந்தப் பைங்க போகாது. பத்தியமா இருங்க. தவிடு, சாமை, கேவுரு எதுவும் ஆகாது" என்றார் டாக்டர். அன்றைய வைத்தியம் அது. குழைந்த அரிசிக்கஞ்சியும் மோரும் குடித்துக் காலம் தள்ளினேன். ஊரே சாமைச்சோறு உண்ணும் அறுவடை நாளிலும் எனக்குத் தனிச்சட்டிதான். ஒவ்வொரு காலையும், எழுவதற்கு முன் இடப்பக்கத்தை அழுத்திப் பார்ப்பேன். வலியில்லை என்றால் அன்றைய பொழுது எனக்கு உண்டு.

முப்பது வருடம் கழித்து, எங்கள் மலையில் செம்மேட்டுக்கு வந்த இளம் டாக்டர் வேறு சொன்னார். வலி இல்லாத காலத்தில் நார் உள்ள தானியம்தான் குடலுக்கு நல்லதாம்.

பாவாயி சாமை பொங்கினாள். ஒரு பிடி தின்றேன். வாய்க்கு அது அந்நியமாக இருந்தது. எதிரே அமர்ந்து அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணுதுங்க?"

"ஒண்ணும் பண்ணல. இன்னொரு பிடி போடு."