ராஜாவின் கன்னம்

எழுபதுகளில் எங்களுக்கு நாணயத்தின் தரம் மூன்றுதான்: புதுசு, நல்லது, தேஞ்சது. எது எந்தத் தரம் என்று சொல்பவர் பெரம்பலூரில் இருந்த ஒரு டிராயிங் மாஸ்டர், என் நண்பர். மாதத்தில் ஒரு ஞாயிறு, நாணயம் சேர்க்கும் நாங்கள் நாலைந்து பேர் அவர் வீட்டில் கூடுவோம். நான் அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் போவேன். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாயின் கன்னத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவுவார். மேடு விரலில் தட்டினால் புதுசு. பிறகு நாங்களும் ஆளுக்கொரு முறை தடவிப் பார்த்துத் தலையாட்டுவோம். தடவாமல் தலையாட்டினால் அவருக்கு மனசு ஆறாது.

அரியலூர் நகைக்கடை ஒன்றில் உருக்க வைத்திருந்த இரண்டு ரூபாய்களைக் கெஞ்சி வாங்கினேன். இரண்டும் ஒரே வருஷத்தவை. மாஸ்டர் இரண்டையும் புதுசு என்றார். ஒன்றை மீன்சுருட்டியில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்குக் கொடுத்தேன். மற்றது என்னுடையது. அதன்மேல் எனக்கு அப்படியொரு கர்வம். மாதம் தவறாமல் எடுத்துப் போய், கேட்காதவர்களிடமும் காட்டுவேன்.

எண்பதுகளில் கதை மாறியது. திருச்சியிலிருந்து ஒரு சேகரிப்பாளர் லென்ஸும் இங்கிலீஷ் புத்தகமுமாக வந்தார். அவரிடம் தரங்கள் ஏழெட்டு இருந்தன. அதில் 'ஃபைன்' என்றால் பிரமாதம் என்று நினைத்து நான் பல்லை இளித்தேன்; சுமார் என்று அர்த்தமாம். நாணயத்தை விளிம்பில்தான் பிடிக்க வேண்டுமாம். என் ரூபாயை அப்படியே பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது புதுசு இல்லீங்க, தேஞ்சிருக்கு" என்றார்.

மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. "நான் பாத்தப்ப புதுசுங்க" என்று மட்டும் சொன்னார். எங்கள் அத்தனை பேரின் சேகரிப்பும் அவர் வார்த்தையை நம்பிச் சேர்த்ததுதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் குத்துமதிப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாரா? அடுத்த மாதம் நான் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை.

ஆனால் மனசு குடைந்துகொண்டே இருந்தது. நானும் ஒரு லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். ராஜாவின் அங்கியில் பொடியாக ஒரு யானை உண்டு. அதன் தும்பிக்கைகூட முழுசாக இருந்தது. கிரீடத்தில் ஒரு கல்லும் மழுங்கவில்லை. கன்னம் மட்டும் வழவழவென்றிருந்தது. சந்தையில் புழங்கிய காசு எல்லா இடத்திலும் அல்லவா தேயும்? இது ஏன் கன்னத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது?

அதன் ஜோடியைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று மீன்சுருட்டிக்குக் கிளம்பினேன். அக்கா டிரங்குப் பெட்டியில் கூறைப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துக் கொடுத்தாள்.

"நீ குடுத்தன்னிக்கு முடிஞ்சு வெச்சதுடா. அப்பறம் யாரும் தொட்டதே இல்ல."

அவிழ்த்து லென்ஸை வைத்தேன். கன்னம் மேடாக, அன்று அச்சிட்டதுபோல இருந்தது. அக்கா சொன்னது அப்போதுதான் உறைத்தது. மாஸ்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். புதுசா, புதுசா என்று மாதாமாதம் தடவிப் பார்த்தே அதைத் தேய்த்தவர்கள் நாங்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே மாஸ்டரை நினைத்து வருத்தமாகவும் இருந்தது.

அக்காவிடம் கேட்டு அதையும் வாங்கி வந்தேன். அந்த ஞாயிறு இரண்டு ரூபாய்களையும் மாஸ்டரின் மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். லென்ஸை வாங்கி மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் சொன்னது சரிதான்" என்றார்.

"சரிதாங்க மாஸ்டர்" என்றேன்.

பழக்க தோஷம், அவர் கட்டைவிரல் அக்காவின் ரூபாயை நோக்கி நீண்டது. கன்னத்துக்கு மேலே வந்து அப்படியே நின்றது. பிறகு கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்களே முடிஞ்சு வெச்சுடுங்க" என்றார்.